பெலிச்சிக்கின் டிராஃப்ட் கணக்கு: ஒரு பயிற்சியாளர் வீரர்களைத் தேர்ந்தெடுத்த வரலாற்றை மதிப்பிடும் முறை

அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடர்பவர்களிடம், பயிற்சியாளர் பில் பெலிச்சிக், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆள் எடுப்பதில் கெட்டிக்காரரா என்று கேட்டால், ஒருவர் 2000-ஆம் ஆண்டில் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடியைக் காட்டுவார். அடுத்தவர் 2019-இல் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டு, மூன்று பருவங்களில் 57 பந்துகளை மட்டுமே பிடித்துவிட்டு வெளியேறிய நிக்கீல் ஹாரியைக் காட்டுவார். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் பெலிச்சிக் 2000 முதல் 2023 வரை நடத்திய 24 டிராஃப்ட்களில் ஏறத்தாழ 200 வீரர்கள் எடுக்கப்பட்டிருக்கிறார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு ஒரு பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, ஒரு மாணவனின் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை ஒரே ஒரு விடைத்தாளைப் பார்த்து முடிவு செய்வது போன்றது. அந்த 200 பேரையும் எந்த ஒழுங்கில், எந்த அளவுகோலில் எடைபோடுவது என்பதைப் பெலிச்சிக்கையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். வேறு எந்தப் பயிற்சியாளரையும் இதே முறையில் மதிப்பிடலாம்.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஏலத்தில் கையில் பணம் இருக்கும் எந்த அணியும் எந்த வீரருக்கும் கை தூக்கலாம். என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் டிராஃப்டில் 32 அணிகளும் வரிசையில் நிற்கின்றன. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் தேர்வு செய்யும். சூப்பர் பவுல் கோப்பையை வென்ற அணி சுற்றின் கடைசியில் தேர்வு செய்யும். இப்படி ஏழு சுற்றுகள் நடக்கும். தன் முறை வரும்வரை அணி காத்திருக்க வேண்டும், அதற்குள் விரும்பிய வீரர் போய்விட்டால் போனதுதான். ஆனால் அந்த முறையையே, அதாவது தேர்வு எண்ணையே, இன்னோர் அணியிடம் கொடுத்து வேறு எண்களையோ வீரர்களையோ வாங்கிக்கொள்ளலாம். எடுக்கப்பட்ட வீரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் உண்டு. 2011-ஆம் ஆண்டின் தொழிலாளர் உடன்படிக்கைக்குப் பிறகு அந்தச் சம்பளம் தேர்வு எண்ணைப் பொறுத்துக் கிட்டத்தட்ட முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. முதல் சுற்று வீரரை அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு இருப்பதால், குறைந்த சம்பளத்தில் நான்கு ஆண்டுகள் நன்றாக ஆடும் ஒருவரைக் கண்டெடுப்பதுதான் டிராஃப்டின் முழுப் பயன். நாம் அளக்க வேண்டியதும் அதைத்தான்.

முடிவு யாருடையது?

பெரும்பாலான அணிகளில் டிராஃப்டின் இறுதிச் சொல் பொது மேலாளருடையது. பயிற்சியாளர் கருத்துச் சொல்லலாம், அவ்வளவே. அத்தகைய பயிற்சியாளரின் டிராஃப்ட் வரலாறு என்று ஒன்றைத் தொகுப்பதில் பொருளில்லை. ஆகவே மதிப்பீட்டைத் தொடங்கும் முன், குறிப்பிட்ட ஆண்டுகளில் இறுதி அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெலிச்சிக்கிடம் அந்த அதிகாரம் இருந்தது. அதனால்தான் அவர் நல்ல எடுத்துக்காட்டு.

இருந்தாலும் அவர் தனியாக இயங்கவில்லை. 2000 டிராஃப்டின்போது முந்தைய நிர்வாகத்தின் வீரர் தேர்வுத் தலைவரான பாபி கிரையர் இன்னும் பதவியில் இருந்தார். அந்த டிராஃப்ட் முடிந்த பிறகே விலக்கப்பட்டார். பிரேடியை எடுக்க வேண்டும் என்று உள்ளே வாதாடியவர், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளின் பயிற்சியாளர் டிக் ரெபைன். 2008 வரை ஸ்காட் பியோலியும், அதன் பின் 2020 வரை நிக் கசேரியோவும் பெலிச்சிக்கின் வலக்கையாக இருந்தனர். எனவே உங்கள் அட்டவணையை 2000–2008, 2009–2020, 2021–2023 என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒரு காலப்பகுதியில் மட்டும் முடிவுகள் சரிந்திருந்தால், அதற்குப் பயிற்சியாளர் மட்டும் காரணமா, அவருக்குத் தகவல் தந்தவர்கள் மாறியதும் காரணமா என்ற கேள்வியையாவது அப்போது கேட்க முடியும்.

யாருக்குப் பெருமை சேர்ப்பது என்பது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு, பேட்ரியட்ஸுக்கு முன் பெலிச்சிக் கிளீவ்லாந்தில் பயிற்சியாளராக இருந்த காலத்திலேயே ஒரு கதை உண்டு. 1995-இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் தன் 10-ஆம் எண்ணை சான் ஃபிரான்சிஸ்கோவிடம் கொடுத்து, 30-ஆம் எண்ணையும் வேறு சிலவற்றையும், அவற்றோடு 1996-இன் முதல் சுற்று எண் ஒன்றையும் வாங்கியது. அடுத்த ஆண்டுக்குள் அணி பால்டிமோருக்கு இடம்பெயர்ந்தது, பெலிச்சிக் வேலையிழந்தார். வாங்கி வைத்திருந்த அந்த எண் 26-ஆக அமைந்தது. அதில் பால்டிமோரின் வீரர் தேர்வுப் பொறுப்பாளர் ஆஸி நியூசம், பின்னாளில் பெரும் நட்சத்திரமான ரே லூயிஸை எடுத்தார். லூயிஸ் எந்தக் கணக்கில் சேர வேண்டும்? என் பதில், எண்ணைச் சம்பாதித்த பெருமை பெலிச்சிக் நிர்வாகத்துக்கும் ஆளை அடையாளம் கண்ட பெருமை நியூசமுக்கும் போக வேண்டும் என்பது. இந்த இரண்டையும் தனித்தனிப் பேரேடுகளாக வைத்துக்கொள்வதுதான் இந்த வழிகாட்டியின் மையமான யோசனை. கீழே அதற்குத் திரும்பி வருகிறேன்.

எண்ணுக்கேற்ற எதிர்பார்ப்பு

அடுத்து, ஒவ்வொரு தேர்வு எண்ணிலிருந்தும் நியாயமாக என்ன எதிர்பார்க்கலாம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறாவதாக எடுக்கப்பட்ட ரிச்சர்ட் சீமோர் நட்சத்திரமாவதும், 232-ஆவதாக எடுக்கப்பட்ட ஜூலியன் எடெல்மன் நட்சத்திரமாவதும் ஒரே சாதனை அல்ல. ஏழாம் சுற்றில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போகிறவர்கள். ஆகவே அங்கே ஒரு தோல்வியைத் தோல்வி என்று எழுதவே கூடாது.

பேட்ரியட்ஸ் போன்ற வெற்றி அணிக்கு இது இன்னும் முக்கியம். இருபது ஆண்டுகளாக அது சுற்றின் கடைசிப் பகுதியில்தான் தேர்வு செய்தது. 2001-இல் சீமோரை 6-ஆம் எண்ணிலும், 2008-இல் ஜெராட் மாயோவை 10-ஆம் எண்ணிலும் எடுத்ததைத் தவிர, முதல் பத்துக்குள் அது நுழையவே இல்லை. மாயோவை எடுத்த எண்ணும் வேறோர் அணியிடமிருந்து வந்ததுதான். எனவே, ஆண்டுதோறும் முதல் ஐந்துக்குள் தேர்வு செய்த தோல்வி அணியோடு நட்சத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால், கணக்கு பெலிச்சிக்குக்கு எதிராகச் சாயும். மாறாக, கோப்பைகளை ஒப்பிட்டால் அவருக்கு அளவுக்கு மீறி ஆதரவாகச் சாயும். ஆறு சூப்பர் பவுல் கோப்பைகள் டிராஃப்ட் திறமைக்குச் சான்றாகா. பிரேடி போன்ற ஒருவர் குவார்ட்டர்பேக்காக நின்றால், இரண்டாம் சுற்றின் ஐந்தாறு பிழைகள் வெளியே தெரியாமல் மறைந்துபோகும்.

எதிர்பார்ப்பை எண்ணாக்க இரண்டு கருவிகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று, 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான புள்ளி அட்டவணை. அதில் முதல் எண்ணுக்கு 3000 புள்ளிகள், 32-ஆம் எண்ணுக்கு 590. இது அணிகள் எண்களை என்ன விலைக்குக் கைமாற்றின என்பதைக் காட்டும் சந்தை விலைப் பட்டியலே ஒழிய, அந்த எண்களில் எடுக்கப்பட்டவர்கள் உண்மையில் எவ்வளவு பயன்பட்டார்கள் என்பதன் அளவு அல்ல. இரண்டாவது கருவி, புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் கிடைக்கும் ‘அப்ராக்சிமேட் வேல்யூ’ என்ற மதிப்பெண். ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு பருவத்திலும் அணிக்கு அளித்த பங்களிப்பைத் தோராயமாக ஒரே எண்ணில் சொல்வது. கேடயமாக நின்று எதிரணியினரைத் தடுக்கும் லைன்மேனுக்குப் புள்ளிவிவரமே இல்லாத இந்த ஆட்டத்தில், எல்லா இடத்து வீரர்களையும் ஒரே தராசில் வைக்க இதைவிட எளிய வழி வாசகருக்குக் கிடைக்காது. தோராயம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டதால், இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்துக்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

சந்தை விலைக்கும் உண்மைப் பயனுக்கும் உள்ள இடைவெளியை கேட் மேசியும் ரிச்சர்ட் தேலரும் ஆராய்ந்தார்கள். பின்னர் பொருளாதார நோபல் பரிசு பெற்ற தேலர்தான் இவர். முதல் சுற்றின் உச்சி எண்களுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. கொடுக்கும் சம்பளத்துக்கு மிஞ்சிய பயனை வைத்துப் பார்த்தால், அவர்கள் ஆராய்ந்த காலத்தில் இரண்டாம் சுற்றுத் தேர்வுகளே அதிக லாபம் தந்தன. ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னதாக எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடுதான் என்றும் அவர்கள் கணக்கிட்டனர். நாணயத்தைச் சுண்டுவதைவிடச் சற்றே மேல். ஒரு தவறான தேர்வைப் பார்த்ததும் ‘இவருக்குக் கண்ணே இல்லையா’ என்று கொதிக்கத் தோன்றும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்வது நல்லது.

எண்ணின் சங்கிலியைத் தொடர்தல்

பெலிச்சிக்கை மதிப்பிடுவோர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அவர் எண்களைக் கைமாற்றுவதில் பேர்போனவர். உயர்ந்த ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, தாழ்ந்த பல எண்களை வாங்குவது அவருடைய வழக்கம். எடுக்கப்பட்ட வீரர்களின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

2009-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பேட்ரியட்ஸ் தன் 26-ஆம் எண்ணையும் ஓர் ஐந்தாம் சுற்று எண்ணையும் கிரீன் பே பேக்கர்ஸிடம் கொடுத்தது. பேக்கர்ஸ் அதில் கிளே மாத்யூஸை எடுத்தது. பத்து ஆண்டுகள் அங்கே எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை விரட்டிய மாத்யூஸை விட்டுவிட்டாரே என்று பெலிச்சிக்கைக் குறை கூறியவர்கள் பலர். பதிலுக்கு வந்தவை 41, 73, 83 ஆகிய எண்கள். 41-இல் டேரியஸ் பட்லரும் 83-இல் பிராண்டன் டேட்டும் எடுக்கப்பட்டனர்; இருவருமே அணியில் நிலைக்கவில்லை. கணக்கை இங்கே மூடினால் பெரும் நஷ்டம். ஆனால் 73-ஆம் எண் ஜாக்சன்வில் அணிக்குப் போய், அதற்கு ஈடாக 2009-இன் 232-ஆம் எண்ணும் 2010-இன் ஓர் இரண்டாம் சுற்று எண்ணும் வந்தன. 232-இல் எடுக்கப்பட்டவர் எடெல்மன். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர், பேட்ரியட்ஸில், எறியப்படும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாற்றப்பட்டு, பின்னாளில் ஒரு சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் சிறந்த வீரராகத் தேர்வானவர். அந்த இரண்டாம் சுற்று எண் 44-ஆக அமைந்தது. அதிலிருந்து இரண்டு படி மேலேறி 42-இல் எடுக்கப்பட்டவர் ராப் கிரான்கவ்ஸ்கி.

இந்தச் சங்கிலியைக் காட்டி, ‘மாத்யூஸுக்குப் பதிலாக எடெல்மனும் கிரான்கவ்ஸ்கியும் கிடைத்தார்கள், ஆகவே அது மேதைமை’ என்று சொல்லிவிடவும் கூடாது. 26-ஆம் எண்ணைக் கொடுத்த நாளில் எடெல்மனையோ கிரான்கவ்ஸ்கியையோ யாரும் மனத்தில் வைத்திருக்கவில்லை. மேலே சொன்ன இரண்டு பேரேடுகளுக்கு இங்கேதான் வேலை. முதல் பேரேட்டில் கைமாற்றத்தை, அது நடந்த நாளின் விலையில், எண்களாக மட்டும் எழுதுங்கள்: என்ன கொடுத்தார், என்ன வாங்கினார். இரண்டாம் பேரேட்டில் ஒவ்வொரு எண்ணிலும் எடுக்கப்பட்ட வீரர் அந்த எண்ணுக்கான எதிர்பார்ப்பை மிஞ்சினாரா என்று எழுதுங்கள். முதலாவது வியாபாரத் திறமையையும் இரண்டாவது கண் திறமையையும் காட்டும்.

முதல் பேரேட்டுக்கு ஒரு தூய்மையான மாதிரி 2013. அந்த ஆண்டு 29-ஆம் எண்ணை மினசோட்டாவிடம் கொடுத்து 52, 83, 102, 229 ஆகியவற்றைப் பெற்றார்கள். ஜான்சன் அட்டவணைப்படி 29-க்கு 640 புள்ளிகள். 52-க்கு 380, 83-க்கு 175, 102-க்கு 92. கூட்டினால் 647. அன்றைய விலையில் இரண்டு அணிகளுக்கும் ஏறக்குறைய சமமான பேரம். உச்சி எண்களுக்குச் சந்தை மிகையாக விலை வைக்கிறது என்ற ஆய்வு முடிவை ஏற்றால், கீழே இறங்கியவருக்குச் சற்று லாபம். இரண்டாம் பேரேட்டில் 52-இல் ஜேமி காலின்ஸ், 83-இல் லோகன் ரையன் என இரண்டு நல்ல வரவுகள். 102-இல் எடுத்த ஜாஷ் பாய்ஸ் தேறவில்லை. 229-ஆம் எண் லெகாரெட் பிளவுன்ட்டை வாங்கும் பேரத்தில் சேர்ந்தது.

வீரரை வாங்க எண்ணைச் செலவிட்டதையும் விட்டுவிடாதீர்கள். பேட்ரியட்ஸின் 2007 டிராஃப்ட் பட்டியலைத் திறந்து பார்த்தால், முதல் சுற்றில் எடுத்த பிராண்டன் மெரிவெதரைத் தவிர வேறு பெயர் நினைவுக்கு வராது. வரலாற்றிலேயே மோசமான டிராஃப்ட்களில் ஒன்று என்றும் தோன்றும். ஆனால் அந்த ஆண்டின் இரண்டாம் சுற்று எண்ணும் ஒரு ஏழாம் சுற்று எண்ணும் மயாமிக்குச் சென்று வெஸ் வெல்கரைக் கொண்டுவந்தன. ஆறு பருவங்களில் 672 பந்துகளை அவர் பிடித்தார். 28-ஆம் எண்ணை சான் ஃபிரான்சிஸ்கோவிடம் கொடுத்து 110-ஆம் எண்ணையும் 2008-இன் முதல் சுற்று எண்ணையும் வாங்கினார்கள். அந்த 110-ஐக் கொடுத்து ஓக்லாந்திலிருந்து ராண்டி மாஸைப் பெற்றார்கள். அந்தப் பருவத்தில் மாஸ் பிடித்த 23 டச்டவுன்கள் லீக் சாதனை. 2008-இன் அந்த முதல் சுற்று எண் 7-ஆக அமைந்தது. அங்கிருந்து 10-க்கு இறங்கி மாயோவை எடுத்தார்கள். பட்டியலில் வறண்டு கிடக்கும் ஓர் ஆண்டு, சங்கிலியில் பார்த்தால் அணியின் மிகச் செழிப்பான ஆண்டுகளில் ஒன்று.

ஆனால் அதே 2008-இல் அணியின் சொந்த முதல் சுற்று எண்ணான 31 பறிக்கப்பட்டது. எதிரணியின் சைகைகளைப் படம்பிடித்த விவகாரத்துக்கான தண்டனை அது. பெலிச்சிக்குக்கே 5,00,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. இந்த இழப்பை அவர் கணக்கில் முழுச் செலவாக எழுதுவதே நேர்மை. 2016-இன் முதல் சுற்று எண் பந்தின் காற்றழுத்தம் பற்றிய விவகாரத்தில் போனது. அதற்கு அவர் எவ்வளவு பொறுப்பு என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால், அதைத் தனி வரியில் எழுதி மொத்தத்தில் சேர்க்காமல் விடுவது என் வழக்கம்.

அன்று எஞ்சியிருந்தவர்கள்

ஒரு தேர்வைத் தவறு என்று சொல்ல வேண்டுமானால், அன்று வேறு யார் கிடைத்திருப்பார்கள் என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யும்போது பலர், பின்னால் வந்த மிகச் சிறந்த ஒருவரைப் பொறுக்கி எடுத்து நிறுத்துவார்கள். அது முடிவு தெரிந்த பிறகு பந்தயம் கட்டுவது. மாறாக, அதே இடத்தில் ஆடுபவர்களில் அடுத்ததாக எடுக்கப்பட்ட ஐந்து முதல் ஏழு பேரை, விடாமல், வரிசையாக எழுதுங்கள்.

ரிசீவரான ஹாரியின் விஷயத்தில், அவர் எடுக்கப்பட்ட 32-ஆம் எண்ணுக்குப் பின் எடுக்கப்பட்ட ரிசீவர்கள்: டீபோ சாமுவேல் (36), ஏ.ஜே. பிரவுன் (51), மெகோல் ஹார்ட்மன் (56), ஜே.ஜே. ஆர்செகா-வைட்சைட் (57), பாரிஸ் கேம்ப்பெல் (59), ஆண்டி இசபெல்லா (62), டிகே மெட்காஃப் (64). ஏழு பேரில் மூவர் லீக்கின் முன்னணி வீரர்களானார்கள். மற்ற நால்வரில் ஹார்ட்மனை ஓரளவு பயன்பட்டவர் என்று சொல்லலாம், எஞ்சிய மூவரும் ஏமாற்றமே. ஆக, பெலிச்சிக் எல்லோரும் கண்ட ஒன்றைக் காணத் தவறினார் என்பது சரியல்ல; மற்ற அணிகளும் தடுமாறின. எனினும் எழுவரில் மூவர் சிறந்து விளங்கிய ஒரு குழுவில், எல்லோருக்கும் முன்னால் நின்று தேர்வு செய்யும் வாய்ப்பிருந்தும் அடியில் ஒருவரை எடுத்தது சராசரிக்குக் கீழான முடிவுதான். அதோடு, 45-ஆம் எண்ணுக்கு மேலேறிச் சென்று எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்கான ஜோஜுவான் வில்லியம்ஸை எடுத்தபோது பிரவுனும் மெட்காஃபும் இன்னும் காத்திருந்தார்கள். அதே ஆண்டில் எவராலும் எடுக்கப்படாத ஜகோபி மேயர்ஸை அணி தனியாக ஒப்பந்தம் செய்தது. ஹாரியைவிடப் பன்மடங்கு பயன்பட்டவர் அவர்தான். எடுக்கப்படாதவர்களை அழைத்து வந்து ஆளாக்குவதும் ஆள் தேடும் திறமையே. மால்கம் பட்லர், டேவிட் ஆண்ட்ரூஸ் ஆகியோரோடு மேயர்ஸையும் ஒரு தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.

199-ஆம் எண்

பிரேடியை எப்படி எழுதுவது? 2000 டிராஃப்டில் பேட்ரியட்ஸ் அவருக்கு முன் ஆறு பேரை எடுத்தது. 187-ஆம் எண்ணில்கூட அவரைத் தாண்டிப்போனது. அவர் யார் என்று உண்மையில் தெரிந்திருந்தால், 46-ஆம் எண்ணில் ஏட்ரியன் கிளெமை எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எனவே கண்டுபிடித்த பெருமையில் அதிர்ஷ்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த எண்ணே, அணி இழந்த வீரர்களுக்கு ஈடாக லீக் அளித்த கூடுதல் எண்தான். ஆனால் அதன் பின் நடந்தவற்றில் அதிர்ஷ்டம் குறைவு. முதல் பருவத்தில் நான்காவது குவார்ட்டர்பேக்காக அவருக்கு அணியில் ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தது வழக்கமில்லாத முடிவு. 2001 செப்டம்பரில் முதன்மைக் குவார்ட்டர்பேக் டுரூ பிளெட்சோ காயமடைந்து, பின் குணமாகித் திரும்பியபோதும், பெருந்தொகை ஒப்பந்தம் பெற்ற அவரை உட்காரவைத்து பிரேடியைத் தொடரவிட்டது துணிச்சலான முடிவு. ஆகவே பிரேடியை டிராஃப்ட் பேரேட்டில் ஒரு நல்ல ஆறாம் சுற்று வரவாக எழுதி, மிச்சப் பெருமையை வளர்த்தெடுத்தலின் கணக்கில் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இன்னொரு வழியும் உண்டு. மொத்தச் சராசரியை ஒருமுறை பிரேடியோடும் ஒருமுறை அவர் இல்லாமலும் கணக்கிட்டு இரண்டையும் வெளியிடலாம். ஒரே ஒரு பெயர் மொத்த வரலாற்றையும் தூக்கி நிறுத்துகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஆடும் இடம்வாரியாகப் பிரித்தல்

மொத்தச் சராசரி எதையும் விளக்காது. ஆடும் இடம்வாரியாகப் பிரித்தால்தான் ஒருவரின் கண் எங்கே கூர்மையாக இருக்கிறது, எங்கே மங்குகிறது என்பது புலப்படும். தாக்குதலின்போது குவார்ட்டர்பேக்குக்குக் கேடயமாக நிற்கும் தாக்குதல் லைனுக்கான பெலிச்சிக்கின் தேர்வுகளைப் பாருங்கள்: மேட் லைட் (48), டான் காப்பன் (164), லோகன் மான்கின்ஸ் (32), செபாஸ்டியன் வோல்மர் (58), மார்கஸ் கேனன் (138), ஷாக் மேசன் (131), ஜோ தூனி (78), மைக் ஒன்வேனு (182). இவர்களில் எவரும் முதல் முப்பதுக்குள் எடுக்கப்பட்டவர் அல்லர்; எல்லோரும் பல ஆண்டுகள் தொடக்க வரிசையில் ஆடியவர்கள். இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஆனால் லைன் பயிற்சியாளர் டான்டே ஸ்கார்னெக்கியாவின் கையை மறந்துவிடவும் கூடாது. இவர்களில் பெரும்பாலோர் அவரிடம் பழகியவர்கள். தேர்வையும் வளர்ப்பையும் இங்கே முழுமையாகப் பிரிக்க முடியாது. முயலலாம்: அணியை விட்டுச் சென்ற பிறகும் அந்த வீரர் அதே தரத்தில் ஆடினாரா என்று பாருங்கள். தூனி கேன்சஸ் சிட்டிக்குப் போன பிறகும் கார்டு என்ற லைன் இடத்தில் லீக்கின் சிறந்தவர்களில் ஒருவராகவே இருந்தார். அப்படியானால் கண்ணுக்கும் பங்கு உண்டு.

மறுபுறம் இரண்டாம் சுற்றின் கார்னர்பேக்குகள்: டெரன்ஸ் வீட்லி, டேரியஸ் பட்லர், ராஸ்-ஐ டவ்லிங், சைரஸ் ஜோன்ஸ், டியூக் டாசன், ஜோஜுவான் வில்லியம்ஸ். ஆறு பேர், ஆறு ஏமாற்றங்கள். டவ்லிங் ஒன்பது ஆட்டங்களில்தான் ஆடினார். டாசன் பேட்ரியட்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பட்லரைப் போன்ற ஓரிருவர் வேறு அணிகளில் தேறினார்கள் என்பது உண்மை. அது இந்தக் கணக்கை மாற்றாது. முன்சுற்றுகளின் ரிசீவர்களில் டியான் பிராஞ்சைத் தவிர்த்தால் பெத்தேல் ஜான்சன், சாட் ஜாக்சன், ஆரன் டாப்சன், ஹாரி, டைக்வான் தார்ன்டன் என்று பட்டியல் சோர்வூட்டும். ஒன்றிரண்டு பிழைகள் துரதிர்ஷ்டம். ஒரே இடத்தில் பதினைந்து இருபது ஆண்டுகள் ஒரே மாதிரிப் பிழை நேர்ந்தால், தேடும் முறையிலேயே கோளாறு இருப்பதாகக் கொள்ளலாம்.

காயங்களைத் தனியாகக் குறியுங்கள். ஆனால் எல்லாக் காயமும் மன்னிப்புக்கு உரியதல்ல. கல்லூரிக் காலத்திலேயே காயத்தால் தவித்தவர் என்பது தெரிந்தும் டவ்லிங்கை 33-இல் எடுத்தது ஒரு பந்தயம், அது தோற்றது. முதுகு அறுவைச் சிகிச்சையால் ஒரு கல்லூரிப் பருவம் முழுவதையும் இழந்திருந்த கிரான்கவ்ஸ்கியை 42-இல் எடுத்ததும் அதே வகைப் பந்தயம், அது வென்றது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். ஒழுக்கம் குறித்த ஐயத்தால் 113-க்குச் சரிந்த ஆரன் ஹெர்னாண்டஸை எடுத்ததும் ஒரு பந்தயமே. 2013-இல் கொலைக் குற்றச்சாட்டில் அவர் கைதான நாளிலேயே அணி அவரை நீக்கியது. களத்தில் அவர் பெற்ற மதிப்பெண்ணை மட்டும் வைத்து அவரை ‘நல்ல தேர்வு’ என்று எழுதும் அட்டவணையை நான் நம்ப மாட்டேன்.

குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸும் கடைசி ஆண்டுகளும்

தேர்வையும் வளர்ப்பையும் ஒருவரே கையில் வைத்திருக்கும்போது, பழியை மாற்றிப் போட அவருக்கு இடமில்லை. 2021-இல் 15-ஆம் எண்ணில் எடுக்கப்பட்ட மேக் ஜோன்ஸ் முதல் பருவத்தில் நன்றாக ஆடி அணியை பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார். தாக்குதல் பயிற்சியாளர் ஜாஷ் மெக்டேனியல்ஸ் விலகிய பிறகு, 2022-இல் அந்தப் பொறுப்பு மேட் பட்ரீசியா, ஜோ ஜட்ஜ் ஆகியோரிடம் போனது. அந்தத் துறையில் இருவருக்கும் அனுபவம் மிகக் குறைவு. ஜோன்ஸின் ஆட்டம் சரிந்தது. 2024-இல் ஒரு ஆறாம் சுற்று எண்ணுக்கு அவரை விற்றார்கள். தேர்வு தவறா, வளர்ப்பு தவறா? சாதாரணப் பயிற்சியாளரானால் இந்தக் கேள்வி பல பக்கங்களைக் கோரும். பெலிச்சிக்கின் விஷயத்தில் எந்தப் பேரேட்டில் எழுதினாலும் செலவு அவருடையதுதான். எந்தப் பக்கத்தில் என்பது மட்டுமே விவாதம்.

மூன்று காலப்பகுதிகளையும் அருகருகே வைத்தால், சீமோர், வில்ஃபோர்க், மான்கின்ஸ், அசாந்தே சாமுவேல் ஆகியோரைத் தந்த முதல் பகுதியும், மெக்கோர்ட்டி, கிரான்கவ்ஸ்கி, ஹைடவர் ஆகியோரைத் தந்த இரண்டாம் பகுதியின் முற்பாதியும் எண்ணுக்கேற்ற எதிர்பார்ப்பைத் தாராளமாக மிஞ்சுகின்றன என்பதைக் காண்பீர்கள். சரிவு 2016-க்குப் பின் தெரிகிறது. அதில் ஒரு பங்கு எண்களே இல்லாததால் நேர்ந்தது. 2017-இல் அணி நான்கே பேரைத்தான் எடுத்தது. மற்றப் பங்கு அவருடைய கண்ணுடையது. ஓர் ஆண்டுக்கு ஏழெட்டுப் பேர் மட்டுமே எடுக்கப்படுவதால், தனி ஆண்டை வைத்து எதையும் சொல்லாதீர்கள். ஐந்தாறு ஆண்டுகளையாவது சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, நான்கு பருவங்கள் முடியாத எந்த டிராஃப்டுக்கும் மதிப்பெண் இடாதீர்கள். பெலிச்சிக்கின் இறுதி டிராஃப்டான 2023-இல் 17-ஆம் எண்ணில் எடுக்கப்பட்ட கிறிஸ்டியன் கான்சலஸ் நான்காவது ஆட்டத்திலேயே காயமடைந்து அந்தப் பருவத்தை இழந்தார். அடுத்த ஆண்டில், லீக்கின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-புரோவின் இரண்டாம் அணியில் இடம்பெற்றார். அப்போது அணியின் பயிற்சியாளராக இருந்தவர், 2008-இல் பெலிச்சிக் எடுத்த அதே மாயோ. கான்சலஸை வளர்த்தவர்கள் பிறர் என்றாலும், கண்டெடுத்த வரவு பெலிச்சிக்கின் பேரேட்டில்தான் ஏற வேண்டும். அந்த வரியை 2026 பருவம் முடியும்வரை பென்சிலால் எழுதி வைத்திருங்கள்.